ஒற்றைப்படைக் கட்டில்களின் மருந்து

தெய்வானை ஆச்சி தர்ம ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி என்னும் நோய் பரவியது 1937ஆம் வருஷம், ஐப்பசி மழைக்குச் சற்று முன்னால். திருமயத்துக்குத் தெற்கே இருந்த அந்த ஆஸ்பத்திரி அதுவரை கண்டதெல்லாம் குளிர்காய்ச்சல், சொறி, சோகை, பாம்புக்கடி என்று அந்தஸ்தில்லாத வியாதிகள்தான். எடின்பரோவில் மூன்று வருஷம் இருந்துவிட்டுப் பெரிய டாக்டராக வந்து சேர்ந்த ஏகாம்பரம் இந்த உயர்ந்த வியாதியைக் கப்பலேற்றிக் கூட்டி வந்தார். இரண்டே மாதத்தில் அறுவைப் பிரிவு டாக்டருக்கும் கண் பிரிவு டாக்டருக்கும் தொற்றிக்கொண்டது. பிரசவ வார்டு டாக்டரம்மா சொர்ணவல்லி மட்டும் தப்பினார். அவருக்குப் பிரசவம் பார்க்கவே நேரம் போதவில்லை.

வியாதியின் அறிகுறிகள் வெளிப்படையாகவே இருந்தன. வருஷக் கடைசியில் சென்னையில் கூடும் டாக்டர்கள் மாநாட்டில் தம் பெயரில் ஒரு கட்டுரை வாசிக்கப்பட வேண்டும். அதற்கு நோயாளிகள் வேண்டும். காலில் ஆறாத புண்ணோடு வந்த பெரியகருப்பன் என்ற பண்ணையாளைப் பார்த்ததும் மூன்று பிரிவுகளுக்கும் நாக்கில் நீர் ஊறியது. அவனுக்கு மண்ணீரலும் வீங்கியிருந்தது, கண்ணிலும் புரை இருந்தது. அறுவைக்காரர் புண்ணை அளந்தார். பெரிய டாக்டர் அவன் வயிற்றில் மையால் எல்லை வரைந்தார். கண்காரர் விளக்கைக் காட்டினார். அவனோ நான்காம் வாரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, புண்ணோடு ஊர் போய்ச் சேர்ந்தான். மூன்று கட்டுரைகளிலும் அவன் மூன்று வேறு ஆட்களாக இடம் பெற்றான். ஒன்றில் மட்டும் குணமடைந்திருந்தான்.

இந்தக் கூத்துகளுக்கெல்லாம் எட்டத்தில் பிரசவ வார்டில் இருந்தவள் ஆயா கண்ணாத்தாள். கீரமங்கலத்தில் ஏழு பெண்களில் ஐந்தாவதாகப் பிறந்தவள். அந்த வீட்டில் கஞ்சிப்பானை ஐந்தாவது ஆளிடம் வரும்போது அடியில் தண்ணீர்தான் மிஞ்சும். அதனால் பங்கு வைப்பதில் அவளுக்கு ஒரு வெறி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இருபத்து நாலு கட்டிலுக்குக் கஞ்சி ஊற்றினால் கடைசிக் குவளையும் முதல் குவளையும் ஒரே மட்டத்தில் நிற்கும். புருஷன் மூக்கன் அதே ஆஸ்பத்திரித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தான். பிள்ளை கிடையாது. பதினோரு வருஷ வேலையில் அவள் மேல் ஒரு புகாரும் இல்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் ஏகாம்பரம் தம் ஆராய்ச்சியை ஒப்படைத்தார். சீமையிலிருந்து சீசா சீசாவாக ஒரு கறுப்புக் களிம்பு வந்திறங்கியது. சாராயம் காய்ச்சும் இடத்தில் மிஞ்சும் நுரைமண்டியிலிருந்து செய்ததாம். வெந்நீரில் கரைத்தால் உப்புக்கரிக்கும் கஷாயம். சோகை பிடித்த கர்ப்பிணிகளுக்கு அது ரத்தம் ஊறச் செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு ஒத்தைப்படைக் கட்டிலுக்கெல்லாம் இந்தக் கஷாயம். ரெட்டைப்படைக்கு இந்த வெல்லத்தண்ணி. எது மருந்துன்னு யாருக்கும் சொல்லக் கூடாது" என்றார்.

"ரெட்டைப்படைக்காரங்க என்ன தப்புப் பண்ணுனாங்க அய்யா?"

"யாரும் ஒண்ணும் பண்ணலை. இது சயின்ஸ்."

சயின்ஸ் என்பது சமஸ்தானத்தில் புதிதாகப் போட்ட சட்டம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு கண்ணாத்தாள் தலையாட்டினாள்.

பத்து நாள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டாள். எட்டாம் கட்டிலில் மீமிசலிலிருந்து வந்த முத்துமாரியம்மாள் கிடந்தாள். ஆறு மாதம். உதடு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கட்டிலிலிருந்து சன்னலுக்கு நடந்தால் மூச்சு வாங்கும். பக்கத்து ஏழாம் கட்டில்காரியோ பத்து நாளில் எழுந்து உட்கார்ந்து, மாமியாரைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

"அக்கா, அவளுக்கு மட்டும் கறுப்பா குடுக்குறீங்க. எனக்கு ஏன் இனிப்புத் தண்ணி?" என்று கேட்டாள் முத்துமாரி.

"அது அப்படித்தான் ஆத்தா. டாக்டர் சொல்லியிருக்காரு."

"நான் செத்துப்போவேன்னு நெனைச்சுக் குடுக்கலையா?"

அன்று சாயங்காலம் கண்ணாத்தாள் கஷாயத்தையும் வெல்லத்தண்ணியையும் ஒரே அண்டாவில் ஊற்றிக் கலக்கினாள். இருபத்து நாலு குவளையில் ஒரே மட்டமாக ஊற்றினாள். மறுநாளும் அப்படியே. ஆராய்ச்சி நடந்த நாலு மாதமும் அப்படியே.

ஏகாம்பரம் வாரந்தோறும் வந்து விரல் நுனியில் ஊசியால் குத்தினார். ஒரு சொட்டு ரத்தத்தைக் காகிதத்தில் ஒற்றி, வண்ண அட்டையோடு ஒப்பிட்டுக் குறித்தார். ஒற்றைப்படையும் சிவந்தது, இரட்டைப்படையும் சிவந்தது. முத்துமாரி ஆண்பிள்ளையைப் பெற்று, மாட்டு வண்டியில் தானே ஏறி உட்கார்ந்து ஊர் போனாள். வேறு யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஏகாம்பரம் ஆராய்ச்சியாளர், வித்தியாசம் இல்லையே என்று இரண்டு நாள் சோர்ந்திருந்தார். மூன்றாம் நாள் தெளிந்தார். வித்தியாசம் இல்லை என்பதும் ஒரு கண்டுபிடிப்புதானே. கறுப்புக் களிம்பு வீண், ஓய்வும் ஆஸ்பத்திரிக் கஞ்சியுமே போதும் என்று எழுதினார். அந்தக் கஞ்சியை அவர் ஒருநாளும் குடித்துப் பார்த்ததில்லை. 1938 கடைசியில் சென்னையில் கைதட்டினார்கள், மெடல் குத்தினார்கள். சீசாக்கள் ஸ்டோர் அறையில் பூட்டப்பட்டன.

அடுத்து வந்த கர்ப்பிணிகளுக்கு மெடல் வாங்கிய வைத்தியம் கிடைத்தது. ஓய்வெடுத்தார்கள், கஞ்சி குடித்தார்கள், வெளுத்துக்கொண்டே போனார்கள். பங்குனியில் இரண்டு பேர் பிரசவத்தில் போனார்கள். கேஸ் ஷீட்டில் கட்டில் நம்பர் 6, கட்டில் நம்பர் 15 என்று எழுதி மூடினார்கள். கண்ணாத்தாளுக்கு அவர்கள் ஆவுடையாள், சின்னப்பிள்ளை. சின்னப்பிள்ளை அவள் ஊர்க்காரி.

அன்று அவள் சோறு தின்னவில்லை. நேரே சொர்ணவல்லியிடம் போய் அண்டாவில் கலக்கிய கதையைச் சொன்னாள். டாக்டரம்மா அவளைக் கூட்டிக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போனார்.

ஏகாம்பரம் முழுதும் கேட்டார். மேசை இழுப்பறையைத் திறந்து, கட்டுரை வந்த சஞ்சிகையை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"இது அச்சாயிருச்சே" என்றார்.

"தப்புன்னு திருப்பி எழுதிறலாங்களே அய்யா" என்றாள் கண்ணாத்தாள்.

"எழுதலாம் சார். இந்த ஆயா செஞ்சதை அப்படியே எழுதினாப் போதும்" என்றார் சொர்ணவல்லி.

"ஒரு ஆயாவை நம்பி ஆராய்ச்சி பண்ணுனேன்னு எழுதச் சொல்றீங்களா?"

அத்தோடு விசாரணை முடிந்தது. சயின்ஸுக்குத் துரோகம் செய்ததற்காகக் கண்ணாத்தாளைச் சமையற்கட்டுக்கு மாற்றினார்கள். கட்டுரைக்கு எந்தத் தண்டனையும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கீரமங்கலத்துக்குப் பஸ் ஏறினாள். சின்னப்பிள்ளையின் புருஷன் சிவசாமி வெற்றிலைக்கொடிக்காலில் நின்றான். நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள். நான் கலக்காமல் இருந்திருந்தால் மருந்து நல்ல மருந்தென்று தெரிந்திருக்கும், ஒன் பெண்சாதிக்கும் கிடைத்திருக்கும் என்றாள். கலக்காமல் இருந்திருந்தால் மீமிசல்காரி செத்திருப்பாள் என்பதையும் சொன்னாள். அவனுக்கு எவ்வளவு புரிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கடைசியா ஏதாச்சும் கேட்டாளா?" என்றான்.

"மோர் கேட்டா."

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

அவன் தலையை ஆட்டிவிட்டு, அவளுக்கு ஒரு கவுளி வெற்றிலை கிள்ளிக் கட்டிக் கொடுத்தான். அதை வாங்கிக்கொண்டதற்காக அவள் பல வருஷம் கூசினாள்.

சொர்ணவல்லி ஸ்டோரில் பூட்டிய சீசாக்களை, நர்சுகளுக்குப் பசியெடுக்க என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்தார். வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் கொடுத்தார். எந்த ஆஸ்பத்திரியிலும் நர்சுகளுக்கு அவ்வளவு பசி எடுத்திருக்காது. பிறகு சீமையில் சண்டை வந்தது, கப்பல் நின்றது, சீசாவும் தீர்ந்தது. ஒருநாள் அவர் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"கண்ணாத்தா, ஆட்டு ஈரல்லயும் அதே சத்து இருக்குன்னு படிச்சேன். கவிச்சி தெரியாம ஆக்கத் தெரியுமா ஒனக்கு?"

"மெளகு தூக்கலாப் போட்டு, லேசா வேக வச்சாத் தெரியாதுங்க. எத்தனை பேருக்கு?"

"எல்லாருக்கும்."

"அப்ப சரிங்க."

ஈரல் சாப்பிடாத ஒன்றிரண்டு பேருக்கு முருங்கைக்கீரையும் உளுந்துமாக அவளே யோசித்து ஆக்கினாள். வண்ண அட்டையில் சிவப்பு ஏறத் தொடங்கியது. சொர்ணவல்லி வாரம் தவறாமல் ஒரு நோட்டில் குறித்து வந்தார். மூன்று வருஷத்தில் சோகையால் ஒரு கர்ப்பிணிகூடப் போகவில்லை.

1942இல் அந்த நோட்டு ஏகாம்பரத்தின் கண்ணில் பட்டது. வியாதி மறுபடி கண்டது. ஈரலின் பயனைப் பற்றி இரண்டாவது கட்டுரை வெளிவந்தது. முதலில் அவர் பெயர், கடைசியில் பொடி எழுத்தில் சொர்ணவல்லியின் பெயர், அதற்கும் கீழே சமையற்கட்டின் ஒத்துழைப்புக்கு ஒரு வரி நன்றி. மருந்தே வேண்டாம், ஓய்வும் கஞ்சியும் போதும் என்று முன்பு எழுதினீர்களே என்று பம்பாயிலிருந்து ஒருவர் கேட்டாராம். அறிவு வளர்ந்துகொண்டே போகும் என்று இவர் பதில் எழுதினாராம்.

அந்த நன்றி வரியை டாக்டரம்மா தமிழில் வாசித்துக் காட்டியபோது கண்ணாத்தாள் ஈரல் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சமையக்கட்டுன்னா என்னையுஞ் சேத்தா?"

"ஒன்னைத்தான்."

"செத்துப்போன ரெண்டு பேர் பேரும் அதுல இருக்கா டாக்டரம்மா?"

"இல்லை."

"நோட்டுல?"

சொர்ணவல்லி நோட்டைத் திருப்பி முதல் பக்கத்தைக் காட்டினார். படிக்கத் தெரியாதவள் என்றாலும் அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஆவுடையாள், சின்னப்பிள்ளை என்று எழுதிய இரண்டு வரியும் எங்கே இருக்கின்றன என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்தாள்.

1944இல் ஆள் தட்டுப்பாடு வந்தபோது, நன்னடத்தையைக் கருதி அவளைத் திரும்ப வார்டுக்கு அனுப்ப ஏகாம்பரம் கையெழுத்துப் போட்டார். அவள் போகவில்லை. டாக்டரம்மாவே வந்து கூப்பிட்டும் போகவில்லை.

"அங்கிட்டு வந்தா யாருக்குக் குடுக்கணும், யாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு மறுபடி யாராச்சும் சொல்லுவாக. நான் இங்கிட்டே இருந்துக்கிர்றேங்க" என்று சொல்லிவிட்டு, உலையைப் பார்க்கத் திரும்பினாள்.