துங்குராவா அடங்கிய வாரம்

பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்த துங்குராவா எரிமலை 1999இன் பிற்பகுதியில் விழித்தது. ஈக்குவடோரில், அதன் வடக்கு அடிவாரத்துச் சிற்றூரை இராணுவம் வெறுமையாக்கியது. ரொறன்ரோவில் என்னோடு புவிச்சரிதவியல் படித்த தோழியின் தந்தை அவ்வூரார். வேறு நகரில் உறவினரிடம் ஒதுங்கியிருந்த அவர், விட்டுவந்த மாடுகளைப் பார்க்கப் போகத் துடித்தார். மகளின் சொல்லுக்காக மட்டுமே காத்திருந்தார்.

சரிந்துபோன இரு பழைய கூம்புகளின் இடிபாட்டின்மேல் எழுந்தது இன்றைய மலை. அங்கே காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசும். சாம்பல் மேற்கே போய் விழும். ஆதலால் வடக்கே அந்த ஊரின் கூரைகள் அநேகமாகத் துப்புரவாகவே இருக்கும். ஆனால் கொதிக்கும் வாயுவும் கல்லும் கலந்த பெருக்கு காற்றைப் பார்ப்பதில்லை, பள்ளத்தைப் பிடித்தே இறங்கும். சில பள்ளங்கள் ஊருக்குள் போய் முடிகின்றன.

ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் இருந்த என் அண்ணை வீட்டுக்கு ஒரு ஞாயிறு மதியம் அந்தத் தோழியைச் சாப்பிட அழைத்துப் போயிருந்தேன். மலை அடங்கிச் சில நாள்களாகியிருந்தன.

"சத்தம் நிண்டிட்டுதோ?" என்றார் அண்ணை.

"ஓம்" என்றேன்.

"அப்ப என்ன யோசினை? சண்டைக்குள்ளை ஊரிலை ஷெல்லடி நிண்டவுடனை நாங்கள் வீட்டை ஓடிப்போய் அரிசி, கோழியெல்லாம் தூக்கிக்கொண்டு வரேல்லையே? தகப்பனை வெள்ளெனப் போய் பொழுதுபடமுன்னம் வரச் சொல்லு. இதை அப்பிடியே பிள்ளைக்கு இங்கிலிசிலை சொல்லு."

அப்படியே சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. தொலைபேசி எடுக்கலாமா என்று கேட்டாள்.

"பொறு" என்றேன். ஷெல் அடிப்பவனுக்குக் களைக்கும், குண்டு தீரும். மலையின் வாயிலோ எரிமலைக் குழம்பு இறுகி அடைத்துக்கொண்டால், வெளியே அமைதி, உள்ளே வாயுவின் அழுத்தம். இந்த அமைதி எந்த வகையென்று மல்வேர்னிலிருந்து யாராலும் சொல்ல முடியாது என்று இருவருக்கும் விளக்கினேன்.

அண்ணைக்குக் கோபம் வந்தது. "நீ படிச்ச கல்லு மாட்டுக்குத் தண்ணி வைக்குமோ? உன்ரை வீடெண்டா இப்பிடிக் கதைப்பியோ?"

அந்தக் கேள்வி நியாயமானது. "தெரியாது அண்ணை. ஆனா மனுசன் போய் ஏதும் நடந்துதெண்டா, இவளுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். அவள் நடையில் நின்று, போகவேண்டாமென்று தந்தையிடம் தொலைபேசியில் ஸ்பானிய மொழியில் நெடுநேரம் மன்றாடினாள்.

தந்தை போகவில்லை. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஊரார் இராணுவக் காவலைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பியபோது அவரும் நடந்தார். நெருப்புப் பெருக்கு ஊரை எட்டியிருக்கவில்லை. தொழுவத்தில் மாடுகள் தண்ணீரின்றிச் செத்துக் கிடந்தன.

"அப்பா என்னோடு பேசுவதில்லை" என்றாள் அவள், ஆய்வுகூடத்தில். பிறகு, "இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வாயா?"

"ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது, அவளுக்கு விளங்கியது. நுணுக்குக்காட்டியின் விளக்கை அணைத்துவிட்டு, மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.