காலரில் மைக் இருந்த சனிக்கிழமை

நான் வகுப்பில் விமான நிலைய அறிவிப்பாளரைப் போலப் பேசுகிறேன் என்பது, பதினோரு வருடம் பாடம் நடத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுமாம். நல்ல பிள்ளைகள், யாரும் சொல்லவில்லை.

பினாங்கில், டத்தோ கிராமாட்டில் ஒரு சின்னத் தனியார் கல்லூரி. சனிக்கிழமை காலையில் மின்சாரப் பொறியியல் டிப்ளோமா வகுப்பு. படிப்பவர்கள் எல்லாரும் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று கலந்திருப்பார்கள். பாடம் ஆங்கிலத்தில். என் காலரில் ஒரு மைக், பின்சுவரில் என்னைப் பார்த்தபடி ஒரு கேமரா. வகுப்பு முடிந்து நான் பொத்தானை அமுக்கினால், பதிவானது அத்தனையும் வகுப்பின் பக்கத்தில் தானாக ஏறிவிடும்.

அன்று எல்லாரும் போன பிறகு ஒரு பெண்மணி மட்டும் நின்றார். சுங்கை பாக்காப்பிலிருந்து வருபவர், ஆப்பரேட்டர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். டிப்ளோமா முடித்தால் டெக்னீஷியன் ஆகலாம். அவர் நீட்டியது, படிப்பிலிருந்து விலகும் விண்ணப்பப் பாரம். அடுத்த சனிக்கிழமை கடைசி நாள்; அதற்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த மாதிரி நேரத்தில் நான் வழக்கமாக ஒரு சொற்பொழிவு வைத்திருப்பேன். அன்று பசி. அவர் கையில் உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப் பொட்டலம்.

"சாப்புடுங்க சார். கையெழுத்துக்கு லஞ்சம் இல்ல."

மேசைமேல் ஏறி உட்கார்ந்து கடித்துக்கொண்டே கேட்டேன், "ஏன்க்கா படிப்ப விட்டு நிக்கிறீங்க?" வகுப்பில் அவர் எனக்கு மேடம். அக்கா எங்கிருந்து வந்ததோ!

"பக்கத்துப் பக்கத்துல தடைய சேத்தா மொத்தத் தடை கொறையுதுன்னு சொல்றீங்க. தடைய கூட்டுனா எப்படி சார் கொறையும்? மத்தவங்க எல்லாம் தலையாட்டுறாங்க. எனக்கு மட்டுந்தான் மண்டையில ஏறல."

"எனக்கும் ஏறலக்கா. இதே பாடத்துல நான் ஒருவாட்டி ஃபெயிலு."

பிறகு தைப்பூசத்தைச் சொன்னேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டம் ஒரே கேட்டில் முட்டுகிறது. பக்கத்தில் இன்னொரு கேட்டைத் திறக்கிறோம். அதுவும் ஒடுக்கம்தான், அதுவும் ஒரு தடைதான், ஆனாலும் கூட்டம் லேசாகப் போகும். அவர் விரலால் மேசையில் இரண்டு கேட் வரைந்து பார்த்தார். "அட!" என்றார். பாரத்தை மட்டும் திரும்ப வாங்கவில்லை. "யோசிக்கிறேன் சார்."

இருபத்திரண்டு நிமிடம். மறந்துபோயிருந்த பொத்தானை அதற்குப் பிறகுதான் அமுக்கினேன்.

திங்கட்கிழமை வாட்ஸ்அப் குழுவில் செய்தி குவிந்தது. "சார், தைப்பூசக் கேட்டு கத பவர் லா." தமிழ் தெரியாத ஒரு சீனத் தம்பி, நண்பனை மொழிபெயர்க்கச் சொல்லிக் குறிப்பெடுத்திருந்தார். அதோடு, நான் ஃபெயிலான செய்தி மூன்று மொழிகளில் பரவியிருந்தது.

பதிவை அழித்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"என் மூஞ்சியா தெரிஞ்சிச்சி? விடுங்க சார். நீங்க கறிபாப் மெல்லுறதுதான் நல்லா தெளிவா கேட்டுச்சி."

அழிப்பதற்கு முன் நானும் பார்த்திருந்தேன். முதல் இரண்டு மணி நேரம் ஒரு மனிதர் நிமிர்ந்து நின்று, யாரையும் பார்க்காமல், பயணிகளை வாயில் எண் ஆறுக்கு அழைத்துக்கொண்டிருந்தார். கடைசி இருபத்திரண்டு நிமிடத்தில் வேறொருவர் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் சட்டை ஒன்றுதான். இந்த இரண்டாவது ஆள் இத்தனை வருடம் எங்கே இருந்தார்? எனக்குப் பயத்தைவிட வேடிக்கை பார்க்கும் ஆசைதான் அதிகமாக இருந்தது.

ஆகவே அடுத்த சனிக்கிழமைக்கு அவரைக் கூட்டிவரத் தயாரானேன். கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன். பாடக்குறிப்பில், '10.20: மேசைமேல் இயல்பாக உட்காரவும்' என்று எழுதினேன். சரியாகப் பத்து இருபதுக்கு உட்கார்ந்தேன். மார்க்கர் டப்பா கவிழ்ந்தது. தைப்பூசத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் முன்னே வந்தார். "இன்னிக்கி ஏன் சார் நாடகம்? அன்னிக்கி நீங்களும் யோசிச்சிக்கிட்டே பேசுனீங்க. அதான் எனக்குத் தகிரியமா இருந்திச்சி."

பையிலிருந்து அவருடைய பாரத்தை எடுத்தேன். "கையெழுத்துப் போடவாக்கா? ஆபீஸ் ஒரு மணிக்கு மூடிருவாங்க."

"அதுக்கு முன்ன ஒன்னு. ஒரு கேட்டு அகலம், ஒரு கேட்டு ஒடுக்கம். மனுசன்னா எல்லாரும் அகலத்துக்குத்தான் ஓடுவான். கரண்ட்டு மட்டும் ஏன் ரெண்டுலயும் பிரிஞ்சி போவுது? எதுல எவ்வளவுன்னு அதுக்கு யாரு சொல்றா?"

பிரிவதற்கான சூத்திரம் எனக்கு மனப்பாடம். கரண்ட்டுக்கு யார் சொல்கிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. 'நல்ல கேள்வி, அடுத்த வாரம் பார்ப்போம்' என்ற அறிவிப்பு தொண்டை வரை வந்தது.

"தெரியலக்கா" என்றேன்.

வாசல் வரை போயிருந்த நாலு பேர் திரும்பி வந்தார்கள். கேட்டுகளுக்குப் பதிலாக ஒரு தடிக் கம்பி, ஒரு சின்னக் கம்பி என்று பலகையில் வரைந்தோம், அழித்தோம். இரண்டாவது தடவையும் தப்பு. மணி பன்னிரண்டு ஐம்பது.

"அக்கா, ஆபீஸ்..."

"இருங்க சார். அந்தச் சின்னக் கம்பிய மொதல்ல போடுங்க."