ஒட்டுப்பாலால் அடைத்த குழாய்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் எது ஒழுகினாலும் ஒட்டுப்பாலை வைத்து அடைத்துவிடுவோம். கூரைத் தகரம், தண்ணீர்க் குழாய், வாளி என்று மரத்திலிருந்து உரித்த அந்த ரப்பருக்கு அடங்காத ஓட்டை கிடையாது. அதனால் என் பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் எண்ணெய் சொட்டியபோது நானே டாக்டரானேன். அடியில் தொங்கிய குழாயை அடைத்தேன். மேலே இன்னொரு சின்னக் குழாயும் சும்மா இருந்தது. அதற்கும் ஓர் உருண்டை. என் தாராள மனசு அப்படி.

மறுநாள் மத்தியானம் சிரம்பான் ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "மச்சானுக்கு மூச்சு இழுக்குதுடா. ஒன்னையத்தான் கேக்குறாரு."

போனை அவர் வாயருகே பிடித்தாள் போல. "டேய் மாப்ள, ஓ ஓட்ட மோட்டார நம்பாத. நடந்து வா, வெரசா வந்துருவ."

"இந்தா வந்துட்டேன்லா மச்சான்!"

கோலா கிளாவாங் தாண்டி மலைப்பாதை ஏறும்போது மோட்டார் இருமி நின்றது. கொஞ்ச நேரம் விட்டு உதைத்தால் கிளம்பும், அடுத்த வளைவில் மறுபடி நிற்கும். டேங்க் நிறைய எண்ணெய் இருந்தது. கடைசியில் தள்ளினேன். போனில் லைனும் இல்லை.

ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "எந்தக் கூமுட்டைண்ணே இத அடைச்சது?"

"கூமுட்டையேதான் தள்ளிக்கிட்டு வருது."

அவர் சிரிக்கவில்லை. "மேல உள்ளது காத்துப் போறதுக்குண்ணே. காத்துப் போனாத்தான் எண்ணெ எறங்கும். கீழ உள்ளது, கூடிப்போனா வெளிய ஊத்துறதுக்கு. ரெண்டையும் அடைச்சா எப்படி ஓடும்?" உருண்டைகளைப் பிடுங்கி எறிந்தார். எண்ணெய் மறுபடி சொட்டியது. திருப்புளிப் பிடியால் கார்புரேட்டரை இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே சிக்கியிருந்த ஊசி விடுபட்டு, சொட்டுவதும் நின்றது. அவ்வளவுதான் வேலை.

வார்டில் மச்சானை முகம்வரை போர்த்தியிருந்தார்கள்.

"இப்பதான்டா," என்றாள் அக்கா. "வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. ஏன்டா இவ்ளோ நேரம்?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் வாய் எனக்கு. "டயரு பஞ்சர்க்கா," என்றது.

நம்பினாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "பாவம், தம்பி என்னா செய்வான், டயரு பஞ்சராயிருச்சு," என்று எனக்காக அவளே பேசினாள்.

இரண்டு வருஷமாகிறது. சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் போகிறேன். வாசலில் கண்டதுமே சோற்றைப் போட்டுவிடுகிறாள். சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.