இருநூற்று இருபது சஹன்

கோட்டைப்பட்டினத்தில் ரமீஜாவுக்குக் கோபம் வந்தால் கல்யாண அடுப்படியில் ஆம்பிளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக அந்தக் கரையோரத்துக் கல்யாணங்களுக்குச் சாப்பாட்டு ஏற்பாடு அவள்தான். கறி எவ்வளவு, அரிசி எவ்வளவு, எப்போது தம் போடுவது, பரிமாற எத்தனை ஆள், எல்லாம் அவள் வாய்ச்சொல்தான். ஆரம்பத்தில், "பொம்பளை சொல்லி நாங்க கிண்டணுமாக்கும்?" என்று கரண்டியைப் போட்டுவிட்டுப் போன சமையல் பண்டாரிகளும் உண்டு. போனால் போங்கள் என்று அந்தக் கரண்டியைத் தானே எடுத்துக்கொண்டவள் அவள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு நாற்பது வயதில் பட்டம் வாங்கும் ஆசை வந்தது. தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த கையோடு புதுக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். வேலைபார்க்கும் பெரியவர்களுக்கென்றே அங்கே ஒரு படிப்பு இருந்தது. எல்லோருக்கும் ஒரே பாடம் கிடையாது. அவரவர் தொழிலைப் பார்த்து, வழிகாட்டி ஆசிரியரோடு உட்கார்ந்து, தனக்கென்று ஒரு பாடத்திட்டம் எழுதிக்கொள்ளலாம். செய்துவந்த தொழிலையும் எடைபோட்டு, ஒரு வருஷப் படிப்புக்கு ஈடாகச் சேர்த்துக்கொள்வார்கள். சனிக்கிழமைதோறும் அறந்தாங்கி வழியாக பஸ் பிடித்து இரண்டு வருஷம் வந்துபோனாள். அனுபவத்துக்கான மதிப்பெண் கிடைத்தால் இந்த மே மாதமே பட்டம். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம்.

கிடைக்கவில்லை. கல்லூரியிலிருந்து கடிதம்தான் வந்தது. பெரிய அளவில் உணவு ஏற்பாடு செய்த அனுபவம் போதாதாம்.

வழிகாட்டி ஆசிரியை மணிமேகலையிடம் கடிதத்தை நீட்டினாள். அவர் கோப்பைப் புரட்டினார்.

"ஒரு நிகழ்ச்சிக்கு அதிகபட்சம் எத்தனை சாப்பாடுன்னு கேட்டிருக்கு. நீங்க எரநூத்தி இருபதுன்னு எழுதியிருக்கீங்க. ஐநூறு பேருக்கு மேல இருந்தாத்தான் மதிப்பெண்."

"எரநூத்தி இருபது சஹன் மேடம்!"

"சஹன்னா?"

ரமீஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பெரிய தாம்பாளம், சுற்றி நாலு பேர், நடுவில் சோறு, கறி, தால்ச்சா. அவர்கள் ஊரில் கல்யாணச் சாப்பாடு அப்படித்தான். தலையை எண்ணுகிற பழக்கம் அந்த அடுப்படியில் கிடையாது. நூறு சஹன், இருநூறு சஹன் என்றுதான் பேச்சு. நாலால் பெருக்கினால் எண்ணூற்று எண்பது பேர். அதை மேடத்துக்கு விரித்துச் சொன்னாள்.

"அட, இவ்வளவுதானா?" என்று மணிமேகலைக்கு முகம் மலர்ந்தது. மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "திருத்தப் படிவம். கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா முடிஞ்சது."

ரமீஜா படித்தாள். 'எனது அறியாமையால் தவறான தகவல் அளித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.'

தாளைத் திருப்பி மேசையில் வைத்தாள். "நான் தப்பாச் சொல்லலையே மேடம். இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

அன்று சாயங்காலம் குவைத்திலிருந்து புருஷன் சேக் அலாவுதீன் போனில் கெஞ்சினான். "ஒரு கையெழுத்துதானே புள்ள? போட்டுட்டுப் பட்டத்தை வாங்கிட்டுப் போவியா..."

"பத்தொம்பது வருசம் எத்தனை ஆயிரம் பேரு வயித்தை நெறச்சிருக்கேன் மச்சான். ஒருத்தர் கொறை சொன்னதில்ல. நான் அறியாதவன்னு என் கையாலயே எழுதிக் குடுக்கணுமாக்கும்? வேற ஆளைப் பாருங்க."

அலாவுதீன் சரியென்று போனை வைத்தான். அவனுக்கு அவளைத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை, கூடப் படிக்கும் காத்தாயியிடம் இதைச் சொன்னாள். காத்தாயி குன்றாண்டார்கோவில் பக்கத்துக்காரி, முப்பத்தைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக நடவுக்குப் போகிறவள். கேட்டுவிட்டு அவள் மெல்லச் சொன்னாள்: "எனக்கும் அதேதான் தங்கச்சி. ஒங்ககிட்ட வேலைக்காரங்க எத்தனை பேருன்னு படிவத்துல கேட்டிருந்துச்சு. யாருமில்லைன்னு எழுதிப்புட்டேன். பின்னே என்ன? எல்லாம் அக்கா தங்கச்சி மொறை. அதுகளைப் போயி வேலைக்காரங்கன்னு எழுதுவாகளா?"

"அப்புறம்?"

"அறியாமைதான்னு கையெழுத்துப் போட்டுட்டேன். எனக்கென்ன தெரியும்?"

தனக்கு நடந்தபோதுகூட ரமீஜாவுக்கு இவ்வளவு கோபம் வரவில்லை.

அதற்கடுத்த வாரம் மதிப்பீட்டுக் குழு வந்தது. இந்தப் படிப்பு ஒழுங்காக நடக்கிறதா, தொடரலாமா என்று பார்க்க வெளியூரிலிருந்து மூன்று பேர். முதல்நாளே மணிமேகலை எல்லோரையும் கூப்பிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "கொறை எதுவும் பேசிராதீங்க. படிப்பையே மூடிருவாங்க." கருத்துப் படிவத்தில் எல்லோரும் 'மிக நன்று' என்று வரிசையாகக் குறித்துக் கொடுத்திருந்தார்கள். ரமீஜாவும் போன வருஷம் அப்படித்தான் குறித்தாள். படிக்க இடம் கொடுத்தவர்களைக் குறை சொல்வதாவது என்ற மரியாதைதான்.

குழுத் தலைவர் எழிலரசன் தாள்களைப் புரட்டிவிட்டு, "ஒரு குறைகூட இல்லையா? ரொம்ப சந்தோஷம்," என்றார்.

ரமீஜா யோசித்தாள். தன்னால் படிப்பை மூடிவிட்டால் இத்தனை பேர் சாபமும் தன் தலையில்தான். ஆனால் பக்கத்தில் காத்தாயி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் எழுந்தேவிட்டாள்.

"கொறை இருக்கு சார்."

சஹனைச் சொன்னாள். காத்தாயியின் நடவுப் பெண்களைச் சொன்னாள். அறியாமை என்று கையெழுத்துக் கேட்கிற படிவத்தையும் சொன்னாள். பின்வரிசையில் யாரோ 'உக்காருங்க' என்று சேலையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் உட்காரவில்லை.

"இந்தக் கேள்வியெல்லாம் எழுதுனப்ப ஒரு சமையக்காரவங்களையாவது கேட்டீங்களா சார்? நடவுக்குப் போறவங்களைக் கேட்டீங்களா? அவங்கவங்களுக்குத் தனித்தனியாப் பாடம்ங்குறீங்க. எங்க தொழிலை அளக்குறது மட்டும் ஒங்க படியிலதானா?"

எழிலரசன் சிரித்துச் சமாளித்தார். "சின்ன விஷயம்மா. ஒரு கையெழுத்துல முடியுறதை ஏன் பெருசாக்குறீங்க?"

"சின்னதுன்னா நீங்க போடுங்க சார்."

மணிமேகலை கண்ணை மூடிக்கொண்டார். எழிலரசன் முகத்தில் முதலில் கோபம்தான் வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு காத்தாயியின் கோப்பைக் கேட்டார். அதை வாசித்தார், வாசித்து முடிக்க நேரமெடுத்துக்கொண்டார்.

"வழிகாட்டிகள் யாராவது இவங்க வேலை செய்யுற இடத்துக்குப் போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். "இல்ல சார்," என்றார் மணிமேகலை. எழிலரசன் தன் நோட்டில் இரண்டு பக்கம் எழுதினார். இனி மதிப்பெண் போடுமுன் வழிகாட்டி நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அந்தந்தத் தொழில்காரர்களை வைத்துக்கொண்டே கேள்வி தயாரிக்க வேண்டும் என்று பரிந்துரைப்பதாகச் சொன்னார். படிப்பை மூடுகிற பேச்சே எழவில்லை.

"ஆனா இந்த வருஷத்துக்குப் படிவம் இதுதான். திருத்தம் இல்லாம அலுவலகம் கோப்பை நகர்த்தாது," என்றார்.

"குடுங்க," என்றாள் ரமீஜா.

'எனது அறியாமையால்' என்பதைக் கோடு போட்டு அடித்தாள். மேலே, 'கல்லூரிக்கு எங்கள் வழக்கம் தெரியாததால்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். 'தவறான தகவல் அளித்தேன்' என்பதையும் அடித்து, 'எனது சரியான தகவல் தவறாக எடுத்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அலுவலக ஜன்னலில் கொண்டுபோய் நீட்டினாள்.

எழுத்தர் முழித்தார். "இப்படியெல்லாம் அடிச்சுத் திருத்துனா வாங்க மாட்டோம்மா."

"வாங்கலைன்னா அடுத்த வருசமும் வாரேன். அப்பவும் இதைத்தான் எழுதுவேன்."

எழுத்தர் பின்னால் பார்த்தார். மணிமேகலை வந்து நின்றிருந்தார். தாளை வாங்கி வாசித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு அதன் கீழே தன் கையெழுத்தையும் போட்டு, "முத்திரை வைங்க," என்றார்.

முத்திரை விழுந்தது. ரமீஜா திரும்பிப் போக நகர்ந்தபோது, யாரோ அவளை ஒதுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார்கள். காத்தாயி.

"சாரு, நான் கையெழுத்துப் போட்ட காயிதத்தை வெளிய எடுங்க. அதை நான் மாத்தி எழுதணும்."