நான் ஆடியதற்கு அக்கா கட்டியது

எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கோல்ஃப் ஆட ஒருவன் புறப்பட்டான் என்றால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இன்றைக்கும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். பதினாறு வயதில் கண்டிப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கும் வேலைக்குப் போனேன். ஓய்ந்த நேரத்தில், ஆட வருபவர்கள் கழித்துப்போட்ட மட்டையால் அடித்துப் பழகினேன். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் மயங்கி, இருபத்து மூன்று வயதில் தொழில்முறை ஆட்டக்காரனாகப் பதிந்துகொண்டேன்.

கைதட்டியவர்கள் யாரும் அதற்குப் பிறகு ஒரு சதம் தரவில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் நுழைவுக் கட்டணம், தங்க அறை, சாப்பாடு. நேற்றுவரை பை தூக்கியவன், இன்று என் பையைத் தூக்குகிறவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். வெளிநாடு என்றால் விசா, டிக்கெட், போதாததற்கு மட்டைப் பை கனமாக இருக்கிறதென்று விமான நிலையத்தில் தனிக் கட்டணம். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். தீனி போட்டது என் அக்கா.

அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் செய்தாள். வீட்டுக்குக் கூரை போட்டதும் வந்துவிடுவேன் என்று இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனவள். கூரை முதல் வருடமே முடிந்தது. பிறகு நான் ஆட ஆரம்பித்தேன். ஒப்பந்தத்தை இரண்டு முறை நீட்டினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்கு ஓய்வு. வாட்ஸ்அப்பில் கூப்பிடுவாள்.

"சல்லி போட்டுட்டேன் தம்பி. நீ ஆடு. நா இருக்கேன்ல."

கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குத்தான் இந்த ஆட்டம் பிடிபடவில்லை. அடி குறையக் குறைய நல்லது, இரண்டாம் நாள் முடிவில் பின்தங்கியவர்களை அனுப்பிவிடுவார்கள், ஒரே ஓர் அடி கூடினாலும் வெறுங்கைதான் என்று விளக்கினேன்.

"இங்க கிலோ கொறஞ்சா அரைநாள் பேராச்சும் போட்டு பாதிக் கூலி குடுப்பாங்க. அங்க அதுவும் இல்லியா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"அப்ப எங்க தோட்டத்து தொரையே தேவல," என்று கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

கடைசியாக டாக்காவில் ஒரு போட்டி. இரண்டாம் நாள், கடைசிக் குழி, ஒன்றரை மீட்டர் தூரம். பந்து விழுந்தால் மிச்ச இரண்டு நாளும் ஆடலாம், கொஞ்சம் பரிசுப் பணமும் உண்டு. குனிந்து நின்றபோது, விழுந்துவிட்டால் அடுத்த போட்டிக்கும் போக வேண்டுமே என்று தோன்றியது. பந்து விளிம்பை உரசிக்கொண்டு ஓடிவிட்டது. வேண்டுமென்று தவறவிடவில்லை. ஆனால் வருத்தமும் வரவில்லை. உடும்பு வேண்டாம், கை வந்தால் போதும் என்றிருந்தது.

திரும்பி வந்து, பழைய மைதானத்திலேயே பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுக்கும் வேலை கேட்டேன். மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பெரிய நிம்மதி. அக்காவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஆறு வருடம் அடுப்படியில் வெந்தவளிடம், நீ அனுப்பியதெல்லாம் ஆற்றோடு போயிற்று என்று எப்படிச் சொல்வது? மூன்று வெள்ளிக்கிழமைகள், பயிற்சி நன்றாகப் போகிறது என்று பொய் சொன்னேன். நான்காவது வெள்ளிக்கிழமை, ஒப்பந்தத்தை மறுபடி நீட்டக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றாள்.

"போடாதக்கா. நா ஆட்டத்த விட்டுட்டேன்."

திட்டப் போகிறாள், இல்லாவிட்டால் அழப் போகிறாள் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்க்கா. மன்னிச்சிரு."

"மன்னிப்பாவது மண்ணாங்கட்டியாவது! போன எக்ரிமெண்ட் முடிஞ்சப்பவே வந்துரணும்னு இருந்துச்சுடா. நா வந்துட்டா ஒன் ஆட்டம் நின்னுருமேன்னுதான் பல்லக் கடிச்சிக்கிட்டு கெடந்தேன்."

நான் நிறுத்தினால் அவள் பட்ட பாடு வீணாகுமே என்றுதான் நானும் அந்த இரண்டு வருடத்தை ஓட்டினேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் குரல் இறங்கியது. என்னைவிட எட்டு வயது மூத்தவள், என்னிடம் அனுமதி கேட்பதுபோலக் கேட்டாள்:

"அப்ப நா வந்துரவா தம்பி?"