மூன்று விரல் கிளி

பால்குனி டாக்கர் மற்றவர்கள் பழுதுபார்த்த கட்டடங்களைக் கண்ணால் பார்ப்பாள். இலாக்ஷி மஜும்தார் பழுதுபார்த்த கட்டடத்தை மட்டும் நகத்தால் பார்ப்பாள். யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து சுவரோரம் ஒதுங்கி, பூச்சைக் கீறுவாள். வெறும் சுண்ணாம்பு என்றால் நகத்தில் வெள்ளையாக ஒட்டும். பழைய சுவருக்கு ஆகாத சிமெண்ட் கலந்திருந்தால் நகம்தான் தேயும். பதினெட்டு வருஷமாகக் கீறுகிறாள், ஒரு தடவைகூட சிமெண்ட் அகப்படவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

இருவரும் அகமதாபாத்தில் ஒரே கல்லூரி, ஒரே பெஞ்சு. பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவதுதான் தொழில் என்று ஒரே வருஷம் கிளம்பினார்கள். இன்று இலாக்ஷிக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூன்று மாடி ஆபீஸ். பால்குனிக்கு ஒரு பல் டாக்டரின் தலைக்கு மேல் ஒற்றை அறை. வேலையில் பால்குனி சளைத்தவள் இல்லை. செய்த வேலையை நாலு பேர் முன்னால் நல்லபடி சொல்லத்தான் அவளுக்கு வராது. இலாக்ஷி பேச ஆரம்பித்தால் வீடு ஒழுகுகிறது என்று சண்டைக்கு வந்தவன்கூட வாயைப் பிளந்துகொண்டு கேட்பான்.

பேப்பரில் இலாக்ஷியின் படம் வந்த அன்று பால்குனி வீட்டில் பருப்பு தீயும்.

"வயிறு எரிஞ்சா ஒரு டம்ளர் மோர் குடி," என்பான் கணவன் நிமேஷ், பேப்பரை இறக்காமலே. "அதுக்கு ஏன் பருப்ப எரிக்கிற?"

இப்படி இருக்கும்போது, பழைய வீடுகளைச் சிறப்பாகப் புதுப்பித்தவர்களுக்கு விருது கொடுக்கும் ஓர் அறக்கட்டளை பால்குனியைத் தேர்வுக் குழுவில் போட்டது. குழுவில் மூன்றே பேர். பால்குனிக்கும் இலாக்ஷிக்கும் கல்லூரியில் பாடம் எடுத்த உபேந்திர வோரா, சூரத்திலிருந்து பெரின் என்ற பார்சி இன்ஜினியரம்மா, அப்புறம் இவள். கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தது இலாக்ஷி புதுப்பித்த ஒரு ஹவேலி, அந்தக் காலத்துப் பெரிய வீடு. அந்த வாரம் முழுக்க பால்குனி பாடிக்கொண்டே சமைத்தாள்.

பழைய நகரத்துச் சந்துக்குள் இருந்த அந்த வீடு அவளுக்குத் தெரிந்த வீடுதான். பூகம்பம் வந்த வருஷம் அதன் மாடத்தைத் தாங்கும் கிளி உருவம் செதுக்கிய பத்து மரத் தாங்கிகளில் ஒன்று விழுந்து நொறுங்கியது. அன்றைய வீட்டுக்காரர் பால்குனியைக் கூப்பிட்டு அந்த ஒன்றை மட்டும் செய்து வைக்கச் சொன்னார். சின்ன வேலை. அவர் போய்ச் சேர்ந்தார், வீடு கைமாறியது, அவளும் மறந்துவிட்டாள்.

குழு பார்க்கப் போன அன்று, வாசலில் நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு ஒரு கிளிப் படம் மாட்டியிருந்தது. அது அவளுடைய கிளி.

"நல்லா பாருங்க," என்றாள் இலாக்ஷி, மாடத்துக்கு அடியில் நின்று. "மத்த ஒம்பது கிளிக்கும் காலுக்கு நாலு விரல். இதுக்கு மட்டும் மூணு. இதுதான் மூலம். இருநூறு வருஷத்துக்கு முன்னால யாரோ ஒரு பெரிய கை செஞ்சது. தெரிஞ்சேதான் ஒரு விரல விட்டிருக்கார், அதான் கிளி பறக்கப்போற மாதிரி இருக்கு. பின்னால இதப் பாத்துச் செதுக்கினவங்க, பாவம், அவர் மறந்துட்டார்னு நெனச்சு நாலாவது விரல சேத்துட்டாங்க."

பெரின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். வோரா தலையை ஆட்டினார். இலாக்ஷியின் அறிக்கையில் அந்த விரலுக்கென்றே இரண்டு பக்கம் இருந்தது.

அந்த விரல் போன கதை பால்குனிக்குத்தான் தெரியும். நொறுங்கிய தாங்கியைப் பார்த்து வரையும்போது ஒரு விரலை விட்டுவிட்டாள். செதுக்கிய தச்சர் கனுபாய், "ஏம்மா, கிளிக்கு மூணு வெரலா?" என்று கேட்டார். "வரைஞ்சத செதுக்குங்க," என்றாள் இவள், அவசரத்தில். மரமும் அதே வீட்டில் இடிந்த உத்தரத்திலிருந்து அறுத்தது. அதனால் பார்க்கப் பழசாகவே இருந்தது. புதிதாக வைக்கும் துண்டின் பின்பக்கம் வைத்த வருஷத்தைச் செதுக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். பால்குனி செதுக்கவில்லை. பழசுக்கும் இதுக்கும் ஒருத்தனும் வித்தியாசம் கண்டுபிடிக்கமாட்டான் என்ற திமிர்.

முதலில் அவளுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. மாட்டினாள் இலாக்ஷி! ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் இருபது சொச்சம் வருஷத்துத் தன் மானமும் சேர்ந்து போகும். சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் பார்த்தாள். அப்போது பெரின் அண்ணாந்து, "மகாராஜா மாதிரி வாழ்ந்திருப்பான் இத செஞ்சவன்," என்றாள். பிறக்கவே பிறக்காத ஒருத்தனுக்குத் தன் பாராட்டு போவதை பால்குனியால் தாங்க முடியவில்லை.

"அவன் மகாராஜா இல்ல. நான்தான்," என்றாள். "பூகம்ப வருஷம் நான் வரைஞ்சு கனுபாய் செதுக்கினது. விரல எண்ணாம விட்டது என் தப்பு."

வோரா கிளியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பின்னால வருஷம் போட்டிருக்கியா?"

"இல்ல சார்."

"அந்த வரைபடம்?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"கனுபாய்?"

"போயிட்டார் சார், மூணு வருஷமாச்சு."

"பால்குனி, உங்க ரெண்டு பேரையும் பதினேழு வயசுலேர்ந்து பாக்கறேன்மா," என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வது போல. "சிமெண்ட் எதுவும் கெடைக்கல, அதுக்காக இப்படியா?"

பெரின் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள். நகத்தின் கதை சூரத் வரை போயிருக்கிறது என்று பால்குனிக்கு அப்போதுதான் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக இலாக்ஷியைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியிருக்கிறாள், நம்ப நாதியில்லை.

"அவ சொல்றது நெஜம் சார்," என்றாள் இலாக்ஷி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்மேல உள்ள எரிச்சல்ல பால்குனி என்ன வேணா சொல்லுவா. ஆனா என் தப்புன்னு மட்டும் அவ வாய்லேர்ந்து வராது. முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்கறேன்." வோராவிடமிருந்து அறிக்கையை வாங்கி, அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

அந்த நேர்மையைப் பார்த்தும் பால்குனிக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

குழு உள்ளறையில் உட்கார்ந்தது. தப்பான அறிக்கைக்கு விருதா என்றார் வோரா. வேலை சுத்தம், கூரை சுத்தம், கிளி கிடக்கட்டும் என்றாள் பெரின். ஒன்றுக்கு ஒன்று. இருவரும் பால்குனியைப் பார்த்தார்கள்.

அவள் காலையிலேயே சுவரைக் கீறியிருந்தாள். நகத்தில் வெள்ளை இன்னும் போகவில்லை. வயிறு திகுதிகு என்று எரிய, "அவளுக்கே குடுங்க," என்றாள். சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து வெளியே வந்தாள்.

இலாக்ஷி முற்றத்தில் தனியாக நின்று மாடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெடச்சிருச்சு உனக்கு," என்றாள் பால்குனி வெடுக்கென்று.

"நெஜமாவா? உன் ஓட்டுமா?"

"ஆமாம்."

இலாக்ஷி மாடத்தை மறுபடி ஒரு முறை பார்த்தாள். பிறகு, "ஒண்ணு சொல்லவா? சிரிக்கக் கூடாது," என்றாள். "இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அந்தக் கிளிய செஞ்ச ஆள்மேல எனக்கு அப்படி ஒரு பொறாமடீ. செத்தவன்மேல போய் பொறாமப்படறோமேன்னு எனக்கே அசிங்கமா இருக்கும். இப்படி ஒரு கோடு என்னால இந்த ஜென்மத்துல போட முடியாதுன்னு எத்தன நாள் சோறு எறங்காம கெடந்திருக்கேன் தெரியுமா?"

பால்குனி அவளை முழுசாக ஒரு முறை பார்த்தாள். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. உள்ளே வோராவும் பெரினும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் சத்தமா," என்றாள், "இன்னொரு தடவ சொல்லு."