கால் போன நாளில் பொங்கல்

என் மாமனார் சுப்பையா அவர்கள் காலமான செய்தி வந்தபோது நான் ஏலூர்த் தொழிற்சாலையில் பகல் ஷிப்டில் இருந்தேன். மைத்துனன் முருகேசன்தான் பேசினான்.

"அத்தான், அப்பா போயிட்டாவ. சாயா குடிச்சிட்டு நாற்காலியில சாய்ஞ்சாவ. அப்படியே போயிட்டாவ."

வேலையை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பேருந்து ஏறினேன். மட்டாஞ்சேரியில் மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சந்து முழுக்க ஆட்டோக்கள் நின்றிருந்தன. அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவதில் புதிதாக ஒன்றும் இருக்காது. அறியாதவர்களுக்காகச் சிலவற்றை எழுதி வைக்கிறேன்.

தென்காசிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் கொச்சிக்கு வந்தவர் அவர். மிளகுக் கிடங்குகளில் மூட்டை தூக்கினார். பிறகு ஆட்டோ ஓட்டினார். ஒரு மழைக்காலக் காலையில், பள்ளுருத்தியிலிருந்து அக்காவும் தம்பியுமான இரண்டு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தபோது லாரி ஒன்று ஆட்டோவின் மேல் மோதியது. பிள்ளைகள் மேல் ஒரு கீறல் இல்லை. அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது என் மனைவி கோமதி பள்ளி மாணவி. முருகேசன் அவளுக்கும் சின்னவன்.

மருத்துவமனையிலிருந்து வந்தவர் பல மாதங்கள் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தாராம். என் மாமியார் பேச்சியம்மாள் வீட்டிலேயே மாவரைத்து விற்று அடுப்பெரித்தார். விபத்து நடந்து ஓராண்டு நிறைந்த அன்று காலையில் குளித்து, முருகன் படத்துக்குப் பூப்போட்டு, சர்க்கரைப் பொங்கல் வைத்தார். மாமா கட்டிலிலிருந்து கத்தியதைக் கோமதி பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"கால் போன நாளைக் கொண்டாடுதியா? உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"காலை யாரு கொண்டாடுதா? அந்த ரெண்டு பிள்ளைகளும் அன்னைக்கு ராத்திரி அதுக வீட்டுல இருந்து சோறு தின்னுச்சு. அதுக்குப் பொங்குதேன். அதுகளுக்கு ஒண்ணு ஆயிருந்தா, ரெண்டு காலும் இருந்தும் நீங்க உசுரோட இருந்திருப்பீயளா?"

அவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை பொங்கலை எடுத்துக்கொண்டுபோய் ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வந்தார். மதியம் தாண்டியபின் மாமா தானாகவே இந்தப் பக்கம் திரும்பிப் படுத்து, "மிச்சம் இருக்கா?" என்று கேட்டாராம். அந்த வாரமே கக்கத்தில் ஊன்றுகோலை இடுக்கி நடக்கப் பழகினார். பின்னர் யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடைகளுக்கு எதிரே லாட்டரிச் சீட்டு விற்றார். கால் போன நாள் பொங்கல் ஆண்டு தவறாமல் நடந்தது.

நான் அவரை முதலில் பார்த்தது பெண் பார்க்கப் போனபோது. காலை மறைத்துக் கட்டிலில் போர்த்திக்கொண்டு உட்காரும்படி தரகர் சொல்லி வைத்திருந்தாராம். அவரோ ஊன்றுகோலோடு வாசலில் நின்று எங்களை வரவேற்றார். காப்பி வருவதற்கு முன்பே பேச்சைத் தொடங்கினார்.

"தம்பி, ஒண்ணு சொல்லிருதேன். நான் குளிக்கையில சமயத்துல வழுக்கி விழுவேன். பேச்சியால தனியாத் தூக்க முடியாது. கல்யாணம் ஆனாலும் கூப்பிட்டா கோமதி வருவா. அதுக்குச் சம்மதம்னா மேல பேசுவோம். இல்லைன்னா காப்பி குடிச்சிட்டுப் போங்க, வருத்தமில்ல."

உடன் வந்திருந்த என் பெரியம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்த கோமதி, நிமிர்ந்து என்னை மட்டும் பார்த்தாள்.

"கூப்பிட்டா நானும் வர்றேன்" என்றேன்.

அப்படிப் பலமுறை போயிருக்கிறேன். தூக்கி உட்கார வைத்ததும், "மாப்ளே, இல்லாத காலு அரிக்கி. எங்க சொறிய?" என்று சிரிப்பார். எல்லா நாளும் சிரித்தார் என்று சொல்ல மாட்டேன். வலி கூடிய நாட்களில் தட்டைத் தள்ளி எறிந்திருக்கிறார். அத்தை சோற்றைக் கூட்டி அள்ளிவிட்டு வேறு தட்டு வைப்பார்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதை அவரிடம் மறைத்ததில்லை. அவரும் என்னை மாற்ற முயன்றதில்லை. அப்படியொரு பொங்கலன்று, அருகில் உட்கார்ந்து சாப்பிடும்போது கேட்டேன்: "அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தா, இதே சாமியைக் கும்பிட்டிருப்பீங்களா மாமா?"

கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"மாட்டேன், மாப்ளே. பேசியே இருக்க மாட்டேன். அது முருகனுக்கும் தெரியும்."

அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் பேசியிருப்பேன். நல்லா நாலு வார்த்தை கேட்டிருப்பேன்" என்றார். இருவரும் சிரித்தார்கள். பக்தியைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் மனதில் நின்றது இது ஒன்றுதான்.

அவர் காலமான மறுநாள் காலை அவரைக் குளிப்பாட்டினோம். உறவினர்கள் ஒவ்வொருவராகத் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்து நகர்ந்தார்கள். அத்தை அதுவரை அழவில்லை. கோமதி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனபோது தடுத்தார்.

"ஏட்டீ, அந்தக் கக்கத்துல நல்லாத் தேய். கட்டையை ஊன்றி ஊன்றிக் காய்ச்சுப்போன இடம். அவுகளுக்கு அங்கதான் நோவும்."

கோமதி அவர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள். தோல் அங்கே கறுத்துக் கெட்டியாக இருந்தது. எண்ணெய் உள்ளே இறங்கும்வரை அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையசைத்தார். நான் தண்ணீர் ஊற்றினேன்.

நோவு தீர்ந்து போய் வாருங்கள், மாமா.